வந்தேன், வந்தான், வந்தோம்

மூன்றாம் வகுப்புக்கு பிரெஞ்சு எடுக்கச் சொன்னபோது எனக்குப் பதினோரு ஆண்டு அனுபவம் இருந்தது. அத்தனையும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில். புதுச்சேரியில் பிரெஞ்சை விருப்பப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது மதிப்பெண் பாடம். வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்து, பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்த்தால் நல்ல மதிப்பெண் வரும். எட்டு வயதுக் குழந்தைகளுக்கு அதையே கொஞ்சம் சுருக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு என் வகுப்பில் இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது.

மொத்தம் 28 குழந்தைகள். வாரத்துக்கு 3 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். பாடப்புத்தகத்தில் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். நானும் ஆங்கிலத்தில் விளக்கினேன். கரும்பலகையில் எழுதிப்போட்டேன், அவர்கள் பார்த்து எழுதினார்கள். ஜூலை முடிவில் நோட்டுகள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. ஒரு நாள் முதல் பெஞ்சில் இருந்த சிறுமியிடம் "கொமான் து தாபெல்?" என்று கேட்டேன். உன் பெயர் என்ன என்று பொருள். அவள் எழுந்து கைகட்டி நின்று, ஒரு பிசிறும் இல்லாமல் "கொமான் து தாபெல்" என்று திருப்பிச் சொன்னாள். அடுத்த குழந்தையும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும். நான் கேட்டது ஒரு கேள்வி என்பதே வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் இன்னும் மோசம். பூனையைக் குறிக்கும் 'ஷா' என்ற சொல்லை 'சாட்' என்றார்கள், சிறியது என்று பொருள்படும் 'பெத்தி'யை 'பெட்டிட்' என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. எல்.கே.ஜி. முதல் அந்த எழுத்துகளை ஆங்கில எழுத்துகளாகத்தான் பார்த்து வந்திருக்கிறார்கள். கண்ணில் பட்டதும் வாய் தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது.

வழி காட்டியவர் ஒரு தாத்தா. பேரனை அழைத்துப்போக நாள்தோறும் பள்ளி வாசலில் வந்து நிற்பார். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. அவருடைய அப்பா அப்படி எழுதிக் கொடுத்தவர். அன்று பேரன் நோட்டைப் பார்த்து 'டொமாட்டே' என்று படித்துக்கொண்டே வந்தான். தாத்தா அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "டொமாட்டே இல்லை கண்ணு, தொமாத். நம்முடைய 'த'. தாத்தாவுக்கு வருகிற 'த'."

பையன் உடனே சரியாகச் சொன்னான். நான் இரண்டு மாதமாகச் சொல்ல வைக்க முடியாததை.

அவர் சொன்னது முழு உண்மை. ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்கு நாக்கு பல்லுக்கு மேலே ஈறைத் தொடும். நம் காதுக்கு அது 'ட'வாகக் கேட்கிறது. பிரெஞ்சில் நாக்கு பல்லைத் தொடுகிறது. அது அப்படியே நம் தகரம். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் பகரத்துக்கு ஒரு மூச்சுக்காற்று சேர்ந்து வெளியேறும். பிரெஞ்சில் அந்தக் காற்று இல்லை, நம் 'பல்', 'பால்' போலத்தான். இதையெல்லாம் கல்லூரியில் ஒலியியல் தாளில் படித்திருக்கிறேன். ஆனால் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகவே கற்று, ஆங்கிலம் வழியாகவே கற்பித்ததால், வீட்டிலேயே இருக்கும் ஒலியைத் தேடி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்று இரவு ஒரு தாளில் இரண்டு பட்டியல் போட்டேன்: தமிழ் வாயில் ஏற்கெனவே இருக்கும் பிரெஞ்சு ஒலிகள், இல்லாத ஒலிகள். முதல் பட்டியல் நான் எதிர்பார்த்ததைவிட நீளமாக வந்தது.

அதில் எனக்கு மிகப் பிடித்தது மூக்கொலிகள். பெரிய பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க எத்தனை பாடு பட்டிருக்கிறேன்! மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன், கண்ணாடி கொடுப்பேன். மூன்றாம் வகுப்பில் வேறு மாதிரி செய்தேன். "நேற்று எப்போது வீட்டுக்கு வந்தாய்?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "நாலு மணிக்கு வந்தேன்" என்றாள். "கடைசியில் 'ன்' சொன்னாயா?" அவள் யோசித்து மறுபடி சொல்லிப் பார்த்தாள். பேச்சில் நாம் யாரும் அந்த 'ன்'னை நாக்கு தொட்டு முடிப்பதில்லை. ஏகாரம் மூக்கு வழியாக நழுவிப் போய்விடுகிறது. அந்த முடிவுதான் பிரெஞ்சில் ரொட்டிக்கும் காலைப்பொழுதுக்கும் வரும் ஒலி. 'வந்தான்' என்பதன் முடிவு, குழந்தை என்ற சொல்லின் முடிவில் வருவது. 'வந்தோம்' என்பதன் முடிவு, பந்துக்கும் எலுமிச்சைக்கும் வருவது. நான்காவதாக ஒன்றும் உண்டு. பாரிஸ்காரர்கள் பலர் அதை 'வந்தேன்' ஒலியோடு சேர்த்தே சொல்கிறார்கள் என்பதால் அதைத் தொடவில்லை. சுவரில் மூன்று படம் ஒட்டினேன்: நான் வந்தேன், அவன் வந்தான், நாங்கள் வந்தோம். புதிய சொல் வந்தால் எந்தப் படத்துக்கு ஓடுவது என்பதுதான் விளையாட்டு. ஒரு வாரத்தில் 28 பேரில் பெரும்பாலோர் சரியான சுவருக்கு ஓடினார்கள்.

நோட்டை மூடச் சொல்லிவிட்டேன். தீபாவளி வரைக்கும் காதும் வாயும் மட்டும் என்று முடிவு. மஞ்சள் பை ஒன்றில் தக்காளி, எலுமிச்சை, வாழைப்பழம், வெங்காயம், கரண்டி எல்லாம் போட்டு எடுத்துப் போவேன். கையை விட்டுத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நீலக் கூடையிலோ சிவப்புக் கூடையிலோ போட வேண்டும். நீலம் ஆண்பால், சிவப்பு பெண்பால். லெ சித்ரோன் நீலம், லா தொமாத் சிவப்பு. "எலுமிச்சம்பழம் ஆண் என்று யார் மிஸ் சொன்னது?" என்று ஒருத்தி எழுந்தாள். உயர்திணைக்குத்தான் ஆண், பெண் என்று வளர்ந்த பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. காரணம் எதுவும் கிடையாது என்று சொன்னேன். "உன் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது அல்லவா? அதுபோல இந்தச் சொற்களுக்கு 'லெ', 'லா'. இனிஷியல் இல்லாமல் பெயர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதே." பிறகு நான் வெறும் 'தொமாத்' என்று சொன்னால்கூட வகுப்பே "இனிஷியல்!" என்று கத்தியது.

இல்லாத ஒலிகள் பட்டியலில் பாதி நேரம் போனது. பத்திரிகைகளில் பிரெஞ்சுப் பெயர்களை ழான், ழாக் என்று ழகரம் போட்டு எழுதும் வழக்கம் உண்டு. எழுத்தில் சரி; குழந்தை அதைப் பார்த்தால் மழை, பழம் என்று நாக்கை மடித்துவிடும். ஆகவே தொண்டையில் கை வைத்து 'ஷ்' சொல்லச் சொன்னேன், பிறகு அதையே தொண்டை அதிரும்படி. சகரத்துக்கும் அப்படியே. மீனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் வரும் 'ஸ்' ஒலியில் தொண்டை அதிர்ந்துவிட்டால் அது நஞ்சு ஆகிவிடும். மீன் படமும் மண்டையோட்டுப் படமும் வைத்துக் கடை நடத்தினோம். எல்லாருக்கும் நஞ்சு வாங்கத்தான் ஆசை. மிகக் கடினம், ஊகாரத்துக்கு உதட்டைக் குவித்து உள்ளே ஈகாரம் சொல்லும் அந்த உயிர். வீதியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் அது வருகிறது. பிசகினால் சக்கரத்தைக் குறிக்கும் சொல் ஆகிவிடும். சொல்தா தாத்தாவின் பேரனுக்கு அது வரவே இல்லை. எப்போதும் சக்கரம்தான்.

செப்டம்பரில் பெற்றோர் கூட்டம். ஒரு தந்தை மகளின் நோட்டை என் மேசையில் விரித்து வைத்தார். ஜூலைக்குப் பிறகு ஒரு வரி இல்லை. கட்டணம் கட்டுகிறோம், என்ன நடக்கிறது என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை, ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது. மேலிடத்திலும் நோட்டைக் காட்டத்தான் சொன்னார்கள். நான் அவர் மகளைப் பார்த்து, பையிலிருந்து எலுமிச்சையை எடுத்து அப்பாவிடம் கொடு என்று பிரெஞ்சில் சொன்னேன். அவள் எடுத்துக் கொடுத்து, "வுவாலா, பாபா" என்றாள். அவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பரீட்சையில் எழுத வேண்டுமே மேடம்" என்றார். தீபாவளி வரை நேரம் கேட்டேன். கொடுத்தார்கள்.

அந்த இடைவெளியில் நீ, நீங்கள் பாடம் வந்தது. புத்தகம் அதற்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எடுத்துக்கொள்கிறது. எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது: 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். பிரான்ஸில் பெரும்பாலான வீடுகளில் அப்பாவையும் 'து' என்றே கூப்பிடுவார்கள் என்றதும் வகுப்பு அதிர்ந்துபோனது. "அடிக்க மாட்டாரா மிஸ்?"

தீபாவளிக்குப் பிறகு எழுத்தைக் காட்டினேன். இப்போது சொல் காதில் ஏற்கெனவே இருந்தது. பூனை என்ற சொல்லைக் கரும்பலகையில் பார்த்ததும், "கடைசியில் எதற்கு மிஸ் ஒரு எழுத்து சும்மா நிற்கிறது?" என்று கேட்டார்கள். ஜூலையில் அதே எழுத்தைப் படித்துத் தடுக்கி விழுந்தவர்கள். வெங்காயத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. உயிருக்கு முன்னால் 'லெ', 'லா' இரண்டுமே வெறும் 'ல்' ஆகிவிடுவதால், 'லொஞோன்' என்று சொன்னால் ஆணா பெண்ணா என்று தெரியாது. 'ஒரு வெங்காயம்' என்று சொன்னால்தான் தெரியும். அப்போது முன்சொல்லின் கடைசியில் வெறும் மூக்கொலியாக நின்ற 'ன்' உயிர்பெற்று அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். குட்டி யானை என்றால் 'பெத்தி'யின் மறைந்த 'த்' எழுந்து வந்து 'பெத்தித்தேலேஃபான்' ஆகும். மெய்யின் மேல் உயிர் ஏறுவது, தமிழன்னை என்றெல்லாம் தமிழ் வகுப்பில் பார்த்த சங்கதிதான். பிள்ளைகளே விதி செய்தார்கள்: கடைசி மெய் வாசலில் நிற்கும், உயிர் வந்து கூப்பிட்டால் உள்ளே வரும். எண்களில் இருபதோடு நிறுத்திக்கொண்டேன். எழுபதை அறுபது-பத்து என்றும் எண்பதை நான்கு-இருபது என்றும் சொல்லும் கணக்கு அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

மார்ச்சில் 17 பேர் தெல்ஃப் பிரிம் தேர்வு எழுதினார்கள். 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வழங்கும் சான்றிதழின் முதல் படி. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. தேர்வு நடந்தது சுஃப்ரென் வீதியில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். 17 பேரும் தேறியது பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, பேச்சுத் தேர்வு அறையில் கேள்வி கேட்டபோது கேள்வி என்று புரிந்ததா என்பதுதான். முன்பு கேள்வியையே திருப்பிச் சொன்ன சிறுமி ஓடி வந்து, "பெயர் கேட்டார்கள், சொன்னேன். பிறகு அவர்கள் பெயரை நான் கேட்டேன். 'வூ' போட்டுத்தான் கேட்டேன் மிஸ்" என்றாள்.

தாத்தா பேரனை அழைத்துப்போக வந்திருந்தார். தெரு முனையில் நீலப் பலகை, தமிழிலும் பிரெஞ்சிலும் வீதியின் பெயர். பையன் நின்று, உதட்டைக் குவித்து, பிரெஞ்சு வரியைப் படித்தான். வீதி, வீதியாகவே வந்தது. அடுத்து சுஃப்ரென். அதிலும் அதே உயிர், அதுவும் வந்தது. ஆனால் முடிவில் அவன் 'வந்தேன்' ஒலியைப் போட்டுவிட்டான். "இந்தப் பெயருக்கு மட்டும் 'ன்'னை முழுசாகச் சொல்ல வேண்டும் கண்ணு" என்றார் தாத்தா. பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் மிஸ்?" என்றான்.