உங்களுடைய பலவீனம் என்ன என்று கேட்டால்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் இளநிலைக் கணக்காளர் பணிக்கு நேர்காணல் நடந்தது. சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் சிறிய அலுவலகம் அது. வந்தவர்கள் 11 பேர். மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அதுவே முதல் முறை என்பதால், என்னிடம் ஒரு காலத்தில் கேட்கப்பட்ட கேள்விகளையே நானும் கேட்டேன். பலவீனம் என்ன என்ற கேள்விக்கு 8 பேர், எதையும் நூறு சதவீதம் சரியாக முடிக்காமல் தம்மால் எழுந்திருக்க முடியாது என்றார்கள். இரண்டு பேர், வேலையில் இறங்கிவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடும் என்றார்கள். கணக்கு எழுத வருகிறவருக்குச் சரியாக முடிப்பது பலவீனம் என்றால் பலம் எதுவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே எல்லோருக்கும் தலையாட்டினேன்.

கடைசியாக வந்தவர் வாழப்பாடிப் பக்கத்துப் பையன். அவரும் அதே விடையை ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கினார். நடுவில் ஒரு சொல் மறந்துபோக, பள்ளியில் செய்யுள் ஒப்பிப்பதுபோல மறுபடியும் முதல் வரிக்கே போனார். கையிலிருந்த பிளாஸ்டிக் ஃபைலின் பொத்தான் டக் டக்கென்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாவமாக இருந்ததால் கேள்வியை மாற்றினேன்: "சரிங்க தம்பி, எந்த வேலையைக் குடுத்தா நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளி வெப்பீங்க?" அவர் சிரித்துவிட்டார். "பேங்க் ரீகன்சிலியேஷனுங்க மேடம். நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டுப் பாக்கறதுல ஒரு ரூபா உதைச்சாலும் உக்காந்து தேடணும், அதனால மாசக் கடைசி வரைக்கும் தொடவே மாட்டேன். போன வருசம் ஆடிட்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். இப்ப சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பாக்கறேங்க. எல்லாச் சனிக்கிழமையும் இல்லீங்க, பாதி." அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே அவருடைய பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டேன்.

கேள்வியின் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருப்பதாக அன்றைக்குத் தோன்றியது. பலவீனம் என்றதும் நமக்கு உடம்புக்கு முடியாமல் போவதுதான் நினைவுக்கு வருகிறது. குறை என்று கேட்டாலோ, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நிற்பதுதான் கண்முன் வருகிறது. இரண்டுமே ஒருவரைத் தற்காப்பில் நிறுத்துகிற சொற்கள் என்பதால், கேட்ட மாத்திரத்தில் அவர் மனப்பாடத்துக்குள் ஒளிந்துகொள்கிறார். வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் புரொபேஷனரி ஆபீசர் தேர்வில் நேர்காணலுக்கு மட்டும் 100 மதிப்பெண் இருக்கும்போது, யாரோ எழுதிக் கொடுத்த விடையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால், தற்பெருமையைத் தாழ்மைபோல மூடிச் சொல்கிறவர்களைவிட, வெளிப்படையாகப் பெருமையடித்துக்கொள்கிறவர்களையே கேட்பவர்கள் சற்றுக் கூடுதலாக விரும்புகிறார்கள் என்று 2018இல் வெளியான ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வு கண்டறிந்திருக்கிறது. மூடிச் சொல்வதில் உண்மை இல்லை என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். அந்த ஆய்வின் ஒரு பகுதியில் கேட்கப்பட்டதும் இதே நேர்காணல் கேள்விதான்.

என் விடை எனக்குக் கிடைத்தது ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றில். அங்கே நான்கு ஆண்டுகள் கணக்கெழுதினேன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு வந்ததும் முதலில் எடைமேடைக்குப் போகும். பிறகு மாதிரி எடுத்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். அந்தப் பாயிண்டை அன்றைய பாயிண்ட் விலையால் பெருக்கினால் ஒரு டன்னின் விலை வந்துவிடும். மழைக்குப் பிறகு வந்த 10 டன் லோடு ஒன்றுக்கு, சீட்டில் 21 என்று எழுதியிருந்ததை நான் 27 என்று படித்துவிட்டேன். பாயிண்ட் அன்றைக்கு 300 ரூபாய். டன்னுக்கு 1,800 கூடுதலாக, மொத்தம் 18,000 ரூபாய் சேர்த்து விவசாயிக்குச் செக் போய்விட்டது. அப்போது என் சம்பளம் 12,000.

அன்று மாலை கணக்கைச் சரிபார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் முதலாளியிடம் போகவில்லை. நானே அந்த விவசாயியைப் பிடித்துப் பேசி, பணத்தைத் திரும்ப வாங்கி, எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாட்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் முதலாளியே லெட்ஜரைப் புரட்டும்போது கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு 18,000 போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. "ஏம்மா, அந்தச் செக்கு நேத்துதான் பாஸாயிருக்குது. அன்னிக்குச் சாயந்தரமே சொல்லியிருந்தா நிறுத்திட்டு வேற எழுதியிருக்கலாமே" என்றார். சீட்டைத் தவறாகப் படித்ததால் நட்டம் வந்திருக்காது. நான் வாய் திறக்காமல் இருந்ததால்தான் வந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு வேலை தேடியபோது இதைத்தான் சொன்னேன்: தவறு நடந்தால் நானே சரிசெய்துவிட்டுத்தான் மேலே சொல்வேன் என்று இருந்துவிடுவது என் குணம், அதனால் ஒரு நாளில் முடியவேண்டியது நான்கு நாள் ஆகும், இப்போது அன்றன்றைய பிழையை அன்று மாலை 5 மணிக்குள் ஒரு நோட்டில் எழுதி மேலாளரிடம் காட்டிவிடுகிறேன், இன்னமும் அந்த நோட்டைத் திறக்கும்போது கை தயங்கும். முதலில் சொன்ன இடத்தில் எதிரே இருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், வேலை கிடைக்கவில்லை. வீட்டில் அம்மா, "இருக்கறதையெல்லாமா போயி ஒப்பிப்பாங்க?" என்று கடிந்துகொண்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. காசாளர் வேலைக்குப் போய்ப் பணம் எண்ணும்போது தடுமாறுவேன் என்று சொல்வது நேர்மையாகாது, அந்த வேலைக்கு விண்ணப்பித்ததே தவறு என்றாகிவிடும். உடல்நலம், வீட்டுக் கடன், மாமியார் இவற்றையெல்லாம் இழுக்க வேண்டியதில்லை. பழைய முதலாளியின் மீது பழியைத் தள்ளினால், எதிரே இருப்பவர் நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டுவிடுவார். நடந்தது ஒன்று, அதனால் ஆன நட்டம், இப்போது செய்வது, இன்னும் மிச்சமிருப்பது என்று இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. அறையில் சத்தமில்லாமல் போனால் எதையாவது சொல்லி நிரப்பத் தோன்றும்.

இப்போது இருக்கும் அலுவலகத்தில் அதே விடையைச் சொன்னபோது, பெரியவர் குணத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் பதினெட்டாயிரம் என்னாச்சும்மா?" என்றார்.

"அந்த விவசாயியே அடுத்த ரெண்டு லோடுல பிடிச்சுக்கச் சொல்லிட்டாருங்க சார். மூணாவது லோடு வந்தப்ப, சீட்டை ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டச் சொன்னாரு."