டைரக்டரி சர்வரை மாற்றும் நாட்கள்

ஜூன் 2, திங்கள்
சர்வர்களின் தரவு எல்லாவற்றையும் ஸ்டோரேஜுக்கு, அதாவது நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் வட்டுப் பெட்டிக்கு, மாற்றச் சொல்லிவிட்டார் மேலாளர். அதில் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் டைரக்டரி மென்பொருளான ஓப்பன்எல்டாப்பும் அடக்கமாம். அது ஓடும் இரண்டு சர்வர்களுக்கும் பொதுவாக ஒரே என்எஃப்எஸ் அடைவு, அதாவது நெட்வொர்க் வழியே பகிரும் கோப்புறை. ஒன்று படுத்தால் மற்றது தாங்கிக்கொள்ளும். வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3
அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை கண் அறுவை. விடுப்பு கேட்க வேண்டும்.

ஜூன் 4
ஓப்பன்எல்டாப் தன் தரவை வைக்கும் எல்எம்டிபி தரவுத்தளத்தின் ஆவணத்திலேயே தெளிவாக இருக்கிறது: நெட்வொர்க் வழியே பகிரும் கோப்பு முறைமையில் தரவுத்தளத்தை வைக்காதே. அது தரவுக் கோப்பை அப்படியே நினைவகத்தில் விரித்து வைத்துப் படிக்கிறது. எந்தப் பக்கத்தை யார் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு பூட்டுக் கோப்பில் இருக்கிறது. அதுவும் நினைவகத்தில் விரித்ததுதான். ஒரு சர்வரின் நினைவகம் இன்னொன்றுக்கு எப்படித் தெரியும்? இவன் படிக்கும் பக்கத்தின் மேலேயே அவன் எழுதிவிட்டுப் போவான். பழைய தரவுத்தளமான பெர்க்லி டிபிக்குத் திரும்பவும் வழியில்லை. 2021-இல் வந்த ஓப்பன்எல்டாப் 2.5 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள்.
மேலாளரிடம் காட்டினேன். "மற்றதெல்லாம் ஓடுகிறதே" என்றார்.

ஜூன் 5
மின்சாரம் போய் வந்தால்? ஸ்டோரேஜுக்குள் நுழைய எல்டாப் கணக்கு வேண்டும். எல்டாப் எழ ஸ்டோரேஜ் வேண்டும். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை.

ஜூன் 6
அப்பா நலம். கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து இட்லி கேட்கிறார். மருத்துவமனை வரவேற்பறையில் யுபிஎஸ் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 9
சோதனை சர்வர். டைரக்டரியின் தரவை உரையாக எடுத்துத் தரும் ஸ்லாப்கேட் கட்டளையின் கோப்பைத் திறந்தால் ஆங்கிலப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. தமிழ்ப் பெயர்களுக்கு இரட்டை முக்காற்புள்ளி, அதன் பின் பேஸ்64 வடிவம், அதாவது எதையும் ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாற்றி எழுதும் முறை. அண்ணாமலை ஆனாலும் வேலம்மாள் ஆனாலும் எல்லாரும் "4கே6" என்றே தொடங்குகிறார்கள்! சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றும் ஸ்லாப்ஆட் ஓடவே இல்லை. என்எஃப்எஸ் கண்ணுக்கு, சர்வரில் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கு ஒரு அநாமதேயம், எழுத அனுமதி கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடலாம் என்கிறது ஸ்டோரேஜ் குழு. எதற்கு?

ஜூன் 10
மின்சாரம் வந்ததும் எது முதலில் எழும்? கூட்டத்தில் மறுபடி கேட்டேன். சிரிக்கிறார்கள்.

ஜூன் 11
மேலாளர் இறங்கி வந்தார். ஸ்டோரேஜிலிருந்து ஐஸ்கஸி வழியாக, அதாவது நெட்வொர்க்கில் இருப்பதைச் சொந்த வட்டுபோலக் காட்டும் முறையில், ஒரு தனி வட்டு. அதை முதல் சர்வர் மட்டுமே ஏற்றிக்கொள்ளும். இரண்டாவதற்கு அதன் சொந்த வட்டு, இடையே, ஒன்றின் மாற்றங்களை மற்றதற்கு நகலெடுக்கும் சிங்க்ரெப்ல். படத்தில் பெட்டிகள் குறையவில்லை என்பதால் அவருக்கும் திருப்தி. தரவை இரண்டு இடத்தில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு, ஒரே இடத்தை இருவர் பிடித்துக்கொள்வதில்லை. இதற்கு ஒன்றரை வாரம்.

ஜூன் 12
அப்பாவுக்குச் சொட்டு மருந்து. அலாரம் வைத்தாயிற்று.

ஜூன் 13
சோதனையில் இரண்டு சர்வர்களிலும், கடைசி மாற்றத்தைக் குறிக்கும் காண்டெக்ஸ்ட்சிஎஸ்என் ஒரே மதிப்பு. ஒன்றை நிறுத்தினேன், மற்றது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. நன்றாகத் தூங்கலாம்.

ஜூன் 14, சனி
இரவு பத்துக்குத் தொடங்குகிறேன். ஸ்டோரேஜின் உள்ளூர் நிர்வாகக் கடவுச்சொல், அதாவது எல்டாப் இல்லாமல் நுழைய உதவும் அந்த ஒன்று, யாரிடம் இருக்கிறது என்று காலையில் கேட்டிருந்தேன். ஆளுக்கொருவரைக் கை காட்டுகிறார்கள்.