லேத் பட்டறைப் பால் தண்ணீர்

நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்காக இது.

லேத்தில் சூடு தணிக்க ஊற்றும், எண்ணெய் கலந்து பால் மாதிரி இருக்கும் கூலண்ட் தண்ணீர் பழசானதும், அதை எத்தனை நாள் டிரம்மில் போட்டு வைத்தாலும் எண்ணெய் முழுசாகப் பிரியாது. அதில் கலந்திருக்கும் சோப்பு மாதிரியான பொருள் எண்ணெய்த் துளிகளுக்கு எதிர்மின்னூட்டம் கொடுத்து, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது.

மின்சாரம் இங்கேதான் உதவும். அலுமினியத் தகடுகளை முக்கி டிசி மின்சாரம் கொடுத்தால், நேர்மின் தகடு கரைந்து அலுமினிய அயனிகள் வரும். அவை அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ய, துளிகள் திரளும். எதிர்மின் தகட்டில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் அந்தத் திரளை மேலே தூக்கி வரும், வழித்து எடுத்துவிடலாம். ஹைட்ரஜன் ஆச்சே, மூடிய அறையில் வேண்டாம்; வெல்டிங் பொறியும் பக்கத்தில் கூடாது. கப்பலின் அடித்தட்டில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீருக்காக 1906-லேயே இந்த மின்சார முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். குளச்சல், முட்டம் விசைப்படகுக்காரர்களுக்கும் தெரிந்த தலைவலிதான் அது.

தொல்லையும் உண்டு. தகட்டில் ஆக்சைடு படலம் படிந்தால் வேகம் குறையும், இடையிடையே பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றிக் கொடுக்க வேண்டும். தகடும் தேயும். வழித்த கசடு அபாயக் கழிவு. வாழைத் தோப்பில் கொட்டாதீர்கள், அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், தெளிந்த தண்ணீர் என்று உடனே ஓடையில் திறந்துவிட வேண்டாம். கரைந்துபோன ரசாயனங்கள் இதில் அவ்வளவாகப் போகாது. ஆறு, குளத்துக்குப் போகும் கழிவுநீரில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. லேபில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பழையாற்றில் விடுவது பற்றிய பேச்சே.