உங்கள் குழந்தை எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள்

மழலையர் வகுப்பு ஆசிரியை நான். "இந்த வயதில் எத்தனை சொற்கள் பேச வேண்டும்?" என்றுதான் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. 16 மாதமாகியும் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதாகியும் "பந்து தா", "அம்மா வா" என்று தானாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் நான் முதலில் கவனிப்பது சொற்களை அல்ல. குழந்தை தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்கிறது என்பதைத்தான்.

சோப்புக் குமிழி ஊதும் புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத, ஆனால் கண்ணில் படுகிற உயரத்தில் வைத்திருப்பேன். சொல்லே வராத ஒரு குழந்தை புட்டியை விரலால் சுட்டும், என் முகத்தைப் பார்க்கும், மறுபடி புட்டியைப் பார்க்கும், "ம்... ம்..." என்று அவசரப்படுத்தும். அந்தக் குழந்தை என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொரு குழந்தை என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துப் போய், என் கையைப் புட்டியின் மூடிமேல் வைக்கும். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காது. கை யாருடையது என்பது அதற்கு ஒரு பொருட்டாகவே இருக்காது. இரண்டு குழந்தைகளுக்கும் சொற்கள் சம அளவில் இருக்கலாம். ஒருமுறை கண்டதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. ஆனால் இரண்டாவது குழந்தை எப்போதும் இப்படித்தான் கேட்கிறது என்றால், அதன் பெற்றோரிடம் அந்த வாரமே பேசிவிடுவேன்.

கேட்பதற்காகச் சுட்டுவது ஒன்று, காட்டுவதற்காகச் சுட்டுவது மற்றொன்று. வானத்தில் விமானம் போகிறது. குழந்தைக்கு அது வேண்டும் என்பதில்லை, நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தான் கண்டதை உங்களோடு பகிரும் இந்த ஆசை 18 மாதத்துக்குள் வெளிப்பட வேண்டும். பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாட்டின் அறிகுறிகளைத் தேட, 16 முதல் 30 மாதக் குழந்தைகளின் பெற்றோருக்கென எம்-சாட் என்னும் 20 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு; அதிலும் இதைப் பற்றிய கேள்வி இருக்கிறது. அந்தப் படிவம் ஆட்டிசம்தான் என்று முடிவு சொல்லாது. அடுத்த பரிசோதனை தேவையா என்பதை மட்டும் காட்டும்.

பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால், காட்டிக்கொண்டிருந்த 'டாட்டா' நின்றுபோனால், அது எந்த வயதானாலும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

செவித்திறன் பரிசோதனையையும் விடக் கூடாது. "கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே" என்பார்கள். கதவுச் சத்தம் கேட்கிற காதுக்கு மெல்லிய மெய்யெழுத்து ஒலிகள் கேட்காமல் போகலாம். சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தங்கினாலும் கேட்கும் திறன் குறையும். பேச்சுத் தாமதம் என்றாலே காதையும் சோதிப்பதுதான் முறை.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் தாமதம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரு மொழிகளையும் சேர்த்துத்தான் சொற்களை எண்ண வேண்டும். ஆண் பிள்ளைகள் சராசரியாகச் சற்றுப் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் இரண்டு வயதில் சொல்லே இல்லை என்பதற்கு அந்தச் சிறிய வேறுபாடு காரணமாகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

நடத்தைக்கு வருகிறேன். இரண்டு மூன்று வயதில் தரையில் புரண்டு அழுவது இயல்பு. அந்த அழுகை எதற்குப் பின் வருகிறது, எவ்வளவு நேரம் நீள்கிறது, அணைத்துக்கொண்டால் அடங்குகிறதா, தன்னையே அடித்துக்கொள்கிறதா என்று பார்ப்பேன். வகுப்பில் மட்டும் தொல்லை, வீட்டில் இல்லை என்றால் முதலில் என் வகுப்பைத்தான் ஆராய்வேன். கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் முடிவு செய்வதற்குக்கூட, அறிகுறிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்திருக்க வேண்டும்.

என் மனத்தை அதிகம் அரிப்பவர்கள் தொல்லையே தராத குழந்தைகள். ஒரு மூலையில் காரைக் கவிழ்த்து வைத்து அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. "எவ்வளவு சமத்து!" என்று பாராட்டுகிறார்கள். பெண் குழந்தைகள் இப்படிக் கண்ணில் படாமலே பல ஆண்டுகள் கடந்துவிடுகிறார்கள். கடிக்கிற குழந்தைக்கு உதவி விரைவில் கிடைக்கிறது, ஒதுங்கியிருக்கும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. இது எனக்குத் தாங்கவே முடியாத அநியாயமாகப் படுகிறது.

சந்தேகம் வந்துவிட்டால், கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். "பிடிவாதக்காரன்" என்று எழுதினால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. "சட்டை மாற்றும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான், விளக்கை அணைத்தால் நிறுத்துகிறான்" என்று எழுதினால் புரியும். கைப்பேசியில் சிறு காணொளி எடுத்துவையுங்கள். மருத்துவரின் அறையில் குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்ளக்கூடும்.

அங்கே போனால் பிள்ளைக்கு ஒரு முத்திரை குத்திவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குத் தெரியும். அந்த அச்சத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் பேச்சுப் பயிற்சியோ, அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையோ தொடங்க, நோயின் பெயர் முடிவாகும்வரை பெரும்பாலும் காத்திருக்கத் தேவையில்லை. சிறு குழந்தைகளுக்கான பயிற்சியில் பெரும்பகுதி தரையில் உட்கார்ந்து விளையாடுவதுதான். பயிற்சியாளர் குமிழியை ஊதுவார், நிறுத்துவார், குழந்தை நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுத்திருப்பார். அந்தப் பொறுமையை உங்களுக்கும் கற்றுத் தருவார், ஏனென்றால் மீதி நேரமெல்லாம் குழந்தை உங்களிடம்தானே இருக்கிறது.

"கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்னால், எந்தத் தேதிவரை, அதற்குள் என்னென்ன மாற்றம் தெரிய வேண்டும், அதுவரை வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்புக்கான நாளையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.