ஜேர்சியில் யாருடைய பெயர் பெரிசு?

சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் கழகம் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடத்துவது வழக்கம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் இந்தச் சீசனில் பந்து விழாத வளவு இல்லை. போட்டி நடத்துவது சுகம், அனுசரணையாளர்களைச் சமாளிப்பதுதான் கூத்து. இந்த முறை கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்தே பார்த்தேன்.

முதல் அனுசரணை சுவிஸிலிருந்து வந்தது. மாமா ஒருவர் ஜேர்சிச் செலவு முழுவதையும் ஏற்றார். "ஆனா மனே, என்ட மச்சான்ட கடையிலதான் அடிக்கோணும்." மச்சான் கடையில் விலை டவுனைவிடக் கூட. பொருளாளர் முகம் சுளிக்க, எங்கள் ஆலோசகரான ஓய்வுபெற்ற புவியியல் மாஸ்டர் சிரித்தார்.

"ஒலுவில் துறைமுகம் தெரியும்தானே? கடன் தந்ததும் டென்மார்க், கட்டினதும் டென்மார்க் கம்பனி. 2013இல திறந்தாங்க, மறுகா வாயில மண் மூடிற்று. காசு சுத்திக்கித்து அவங்கட ஊருக்கே போயிற்று. மண்ணும் கடனும் நமக்கு."

அடுத்தவர் நெல் மில் முதலாளி. வெற்றிக் கிண்ணமும் பரிசுப் பணமும் தருவார். பதிலுக்கு மைதான வாசலில் பத்து வருசத்துக்கு அவருடைய போர்டு நிற்க வேண்டும். பிரதேச சபைத் தேர்தலில் அவருக்கு ஒரு கண் இருப்பது ஊருக்கே தெரியும். "கிரவுண்ட எழுதிக் கேக்காரா?" என்று பொருளாளர் எழும்பிவிட்டார். மாஸ்டர் அசையவில்லை. "ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்த 2017இல சீனக் கம்பனிக்கு 99 வருசக் குத்தகைக்குக் குடுத்தம், 112 கோடி டொலருக்கு. இவர் பத்தோட நிப்பாட்டிற்றார். நல்ல மனுசன்."

சரி, ஜேர்சியின் முன்பக்கம் யாருக்கு? நாங்கள் அணிசேராக் கொள்கையைக் கையில் எடுத்து, மில்லுக்கு முன்பக்கம், மாமாவுக்கு முதுகு என்று பிரித்தோம். "முதுக விக்கெட் கீப்பர் மட்டும்தான் பாப்பான்" என்று சுவிஸிலிருந்து நீளமான குரல் பதிவு வந்தது. கடைசியில் குழுப்படம் இரண்டு எடுத்தோம். ஒன்று வழக்கம்போல். மற்றதில் பதினொரு பேரும் கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோயில் மதிலைப் பார்க்கிறார்கள். மாமா அதைத்தான் முகநூலில் போட்டார்.

உள்நாட்டுக் கடன் தனிக் கதை. பயிற்சி நாட்களில் குடித்த தேத்தண்ணியும் தின்ற பணிசும் கடைக்காரர் கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு ஏறியிருந்தன. கையில் காசில்லை. மாஸ்டர் ஈரானைக் கொண்டுவந்தார். 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாக அடைக்க 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டதல்லவா? நாடு தேயிலை கொடுத்துக் கடன் அடைக்கலாம் என்றால், தேத்தண்ணிக் கடனைக் கழகம் எதைக் கொடுத்து அடைப்பது? கடைக்காரரின் மூத்த மகன் ஆரம்பத் துடுப்பாட்ட வீரரானான்.

பிரதம அதிதிக்கு ஒரு யூடியூப் தம்பியைப் பிடித்தோம். பெற்றோல் காசு, கோழிப் புரியாணி, கையில் ஒரு கவர். வந்து இறங்கியவர், "சின்ன வயசிலருந்தே இந்தக் கழகம்தான் என்ட உயிர்" என்று கமெராவைப் பார்த்து உருகினார். கழகத்தின் பெயரை என்னிடம் கேட்டு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. பொடியன்கள் விசில் அடித்தார்கள். மாஸ்டர் என் காதுக்குள் சொன்னார்: "கிம் கர்தாஷியன் ஒரு கிரிப்டோ காசப் பத்தி இன்ஸ்டாகிராமில ஒரு பதிவு போட இரண்டரை இலட்சம் டொலர் வாங்கினவ. வாங்கினதச் சொல்லல்ல எண்டு 2022இல அமெரிக்காவில 12 இலட்சத்துக்கும் மேல கட்ட வச்சாங்க. இவரட்ட கவரப் பத்திக் கேக்க இஞ்ச ஆர் இரிக்கா?" அடுத்த கிழமை பக்கத்து ஊர் இறுதிப் போட்டியிலும் தம்பி உருகினார். அங்கேயும் அதுதான் உயிராம்.

போட்டியில் நாங்கள் இரண்டாம் சுற்றோடு வெளியே. ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் இரண்டு மெட்ச்சிலும் முதல் பந்திலேயே போல்ட். தோற்ற கவலைக்கு எல்லாரும் தேத்தண்ணி குடித்ததில் கொப்பியில் மூன்றாம் பக்கம் தொடங்கிவிட்டது. கடைக்காரர் கோபப்படவில்லை. அடுத்த வருசத்துக்கு விக்கெட் கீப்பர் இடம் வேண்டுமாம், இளைய மகனுக்கு.