மாடி வீட்டு கிளாரினெட்

நவம்பர் பிறந்தால் எனக்கு மழையோடு சேர்த்து ஒரு கிளாரினெட்டும் ஞாபகத்துக்கு வந்துவிடும். 2014 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் பாத் நகரத்தில் கிளாரினெட் கலைஞர் அக்கர் பில்க் இறந்துபோனார். வயது 85. மறுநாள் காலை செய்தியைப் பார்த்ததும் நான் முதலில் கூப்பிட்டது மெல்போர்னில் இருக்கும் அங்கிளைத்தான். "தெரியும் சைல்ட், காலைலேர்ந்து அவரைத்தான் போட்டுட்டே இருக்கேன்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. போனுக்குள் அந்தப் பக்கம் கிளாரினெட் ஓடிக்கொண்டிருந்தது, அதை மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டு வைத்தேன்.

அங்கிள் எங்களுக்குச் சொந்தம் இல்லை. பெரம்பூரில் நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மாடி வீடு. ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் மெயில் டிரைவர். எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். டியூட்டி முடிந்து கரியும் எண்ணெயுமாக வருவார், குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடி வராந்தாவில் ரெக்கார்டு பிளேயரை வைப்பார். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு அம்மா விளக்கேற்றிக்கொண்டிருப்பாள். அதனால் விளக்கெண்ணெய் வாசனையும் அந்தக் கிளாரினெட்டும் எனக்குள் ஒன்றாகவே தங்கிவிட்டன, இன்றைக்கும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்தச் சின்ன இசைத்தட்டை அவர் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் பொறுக்கியெடுத்தாராம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது, இப்போது புறநகர் ரயில் நிலையத்தின் பெயரில் அது மிச்சமிருக்கிறது. அங்கே வாங்கிய ஒரு தட்டு எங்கள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதே எனக்கு இப்போது ஒரு பெரிய விஷயமாகப் படுகிறது.

தட்டின் பெயர் 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி ஷோர்'. பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்காவது ஒரு ஹோட்டல் லாபியில் கேட்டிருப்பீர்கள். அடியில் வயலின்கள் மெதுவாக விரிய, மேலே ஒரே ஒரு கிளாரினெட். அவசரமே இல்லை. கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியிலேயே பெரும்பாலும் உலாவி, மேலே ஏறினாலும் கத்தாமல், கொஞ்சம் காற்று கலந்த குரலில் ஒரு வயதான மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஆனால் வாசித்தபோது பில்க்குக்கு வயது முப்பத்திரண்டுதான்.

பில்க் பிறந்தது 1929 ஜனவரியில், சாமர்செட்டில் பென்ஸ்ஃபோர்ட் என்ற கிராமத்தில். இயற்பெயர் பெர்னார்ட் ஸ்டான்லி பில்க். 'அக்கர்' என்றால் அந்த ஊர் வழக்கில் கூட்டாளி என்று அர்த்தம், நம் ஊரில் 'மச்சான்' என்பது போல. அப்பா மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவர், அம்மா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பிள்ளையைப் பியானோவில் உட்கார வைத்தார்கள், அவன் குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் ஓடினான். பள்ளிக்கூடத்துச் சண்டையில் முன்பற்கள் இரண்டு போயின, பனிச்சறுக்கு வண்டி விபத்தில் ஒரு விரலில் பாதி போயிற்று. காற்று வாத்தியக்காரனுக்குப் பல்லும் விரலும் போனால் என்ன மிச்சம் என்று நமக்குத் தோன்றும். அவரோ தன் வாசிப்பின் பாணியே அதனால் வந்ததுதான் என்று சொல்லிவந்தார்.

கிளாரினெட் அவர் கைக்கு வந்தது எகிப்தில், சூயஸ் கால்வாய்ப் பக்கம் ராணுவத்தில் இருந்தபோது. கூட இருந்த சிப்பாய் ஒருவர் கடைத்தெருவில் வாங்கி, தனக்கு உபயோகமில்லை என்று கொடுத்த வாத்தியம். அதில் ரீடு கூட இல்லை, கிடைத்த மரத்துண்டைச் சீவித்தான் ரீடு செய்து கொடுத்தாராம் அந்த நண்பர். நாகஸ்வரக்காரர் வீட்டில் சீவாளிக்கு எவ்வளவு பாடுபடுவார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரியும். ரீடுதான் வாத்தியத்தின் நாக்கு, அது சரியில்லை என்றால் எந்த வித்வானும் ஊமைதான். மரத்துண்டு நாக்கோடு ஒருவன் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறான், அதுவும் பாலைவனத்தில்.

நான் எழுத வந்தது அவருடைய ரசிகர்களைப் பற்றி. ஐம்பதுகளின் கடைசியில் பிரிட்டனில் 'டிராட்' என்று சுருக்கிச் சொல்லப்பட்ட பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸுக்கு ஒரு பெரிய அலை அடித்தது. கிறிஸ் பார்பர், கென்னி பால், பில்க் மூவரும் அதன் பெரிய தலைகள். பில்க் தன் பாரமவுண்ட் ஜாஸ் பேண்டோடு கறுப்பு பவுலர் தொப்பியும் கோடு போட்ட வெயிஸ்ட்கோட்டுமாக மேடையேறுவார். விளம்பரத்துக்காக ஒருவர் யோசித்துக் கொடுத்த வேஷம்தான், ஆனால் ரசிகர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பையன்கள் தொப்பி வாங்கி அதில் வெள்ளைப் பெயிண்டில் 'அக்கர்' என்று எழுதிக்கொண்டு கச்சேரிக்கு வந்தார்கள். 1960-ல் பியூலி ஜாஸ் விழாவில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் விளக்குக் கம்பங்களில் ஏறி, கலவரமாகி, பிபிசி நேரடி ஒளிபரப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் நாள் முதல் காட்சி பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் பெரம்பூரிலும் ஒரு தொப்பி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடக்கும் டான்ஸுக்கு அங்கிள் பவுலர் தொப்பியும், வேப்பேரி டெய்லர் தைத்த கோடு போட்ட வெயிஸ்ட்கோட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவார். பில்க்கை அவர் நேரில் பார்த்ததே இல்லை. இத்தனை மைல் தாண்டி, யாரும் கேட்காமல், ஒரு மனிதர் இன்னொருவருக்காகச் சென்னை வெயிலில் வெயிஸ்ட்கோட் போடுகிறார் என்றால் அதற்குப் பெயர் பிரியம்தான்.

அந்த மெட்டை பில்க் முதலில் தன் மகளுக்காக எழுதினார், அவள் பெயரையே 'ஜென்னி' என்று வைத்திருந்தார். பிபிசி ஒரு தொடருக்கு அதைக் கேட்டபோது தொடரின் பெயரே பாட்டுக்கும் வந்துவிட்டது. 1961-ல் வெளியாகி பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 55 வாரம் இருந்தது. 1962 மே மாதம் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100-ல் முதலிடம், அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் இசைத்தட்டு அதுதான். பீட்டில்ஸ் அங்கே போய்ச் சேர இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தது. 1969-ல் அப்பல்லோ 10 விண்கலத்தில் சந்திரனைச் சுற்றப் போனவர்கள் கேசட்டில் எடுத்துப்போன இசையிலும் இது உண்டு.

தீவிர ஜாஸ் ரசிகர்களில் இந்தப் பாட்டைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. வயலின் கூட்டத்தை வைத்துக்கொண்டு சர்க்கரைப் பாகு காய்ச்சிவிட்டார், இதில் ஜாஸ் எங்கே என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. சபா கேன்டீனில் உட்கார்ந்து 'ராகம் தானம் பல்லவி பாடினாலொழிய கச்சேரியே இல்லை' என்று வாதிடுபவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் ஞானத்தின் மேல் மரியாதையும் உண்டு. ஆனால் துக்கடாவில் ஒரு நாலு வரி விருத்தம் வந்து நெஞ்சைப் பிடிக்கும்போது அதில் சங்கீதம் குறைவு என்று எப்படிச் சொல்வது? பில்க் அந்த மெட்டில் வித்தை எதையும் காட்டவில்லை. காட்டத் தெரியாமல் இல்லை, ஜெர்மனியில் பீர் குடிக்கும் கூடத்தில் தினம் ஏழு மணி நேரம் வாசித்துத் தேறியவர் அவர். வேண்டாம் என்று வைத்திருந்தார்.

நம் கச்சேரிகளில் மேடைக்குச் சீட்டு அனுப்புவார்கள் இல்லையா, அந்தப் பாட்டு வேண்டும், இந்தப் பாட்டு வேண்டும் என்று. பில்க்குக்கு ஐம்பது வருஷமாக எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் தொண்டையில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து மறுபடி மேடையேறினார். அப்போதும் கூட்டம் அதற்குத்தான் காத்திருந்தது, அவரும் வாசித்தார். இது கலைஞனுக்குப் பாரமாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ரசிகர் பக்கம் நிற்கிறேன். அந்த மூன்று நிமிஷத்துக்குள் யார் யாருடைய வராந்தா இருந்ததோ.

1989-ல் அங்கிள் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. கட்டிலும் பீரோவும் தெருவில் ஏலம் போன மாதிரி போயின. தட்டை மட்டும் அம்மா கையில் கொடுத்து, "விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போடுங்கம்மா" என்றார். எங்கள் வீட்டில் பிளேயர் கிடையாது. அதை அம்மா சொல்லவில்லை, வாங்கி பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். இன்னும் இருக்கிறது.

சென்னையில் கிளாரினெட் அந்நியம் ஒன்றும் இல்லை. தஞ்சாவூர்ச் சதிர்க் கச்சேரியில் நுழைந்து நம்மோடு தங்கிவிட்ட வாத்தியம் அது. ஏ.கே.சி. நடராஜன் அதில் முழு ராக ஆலாபனை செய்து, 2008-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்வானார். தெருவில் பார்த்தால் கல்யாண ஊர்வலத்து பேண்ட் செட்டிலும் அதுதான். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஜானவாசத்தில் வாசித்த ஒரு பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும், அப்பாவிடம் கற்றவர். டீ குடிக்கும்போது போனில் பில்க்கைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்.

"இவரு ஸ்வரத்தை ஆட்டலைக்கா. மூச்சைத்தான் ஆட்டறாரு."

நாற்பது வருஷமாக நான் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் இருந்தது இது. நம் கமகம் விரலிலும் உதட்டிலும் ஸ்வரத்தை இன்னொரு ஸ்வரத்தின் வாசல் வரை இழுத்துப்போய் வரும். பில்க்கின் அதிர்வோ ஸ்வரம் நின்ற இடத்திலேயே நிற்க, மேலே காற்று மட்டும் நடுங்குவது. பாட்டைக் கேட்கிறோமா, ஆள் மூச்சு விடுவதைக் கேட்கிறோமா என்று தெரியாமல் போவது அதனால்தான். அவர் மேல் ஜனங்களுக்கு இத்தனை ஒட்டுதல் வந்ததற்கும் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

பாட்டை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு அவரே வாத்தியத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, மெல்போர்னுக்கு வீடியோ கால் போட்டேன். வயலின் இல்லை, ஒன்றும் இல்லை, தனி கிளாரினெட். நடுவில் ஓரிடத்தில் கை தன் பழக்கத்துக்கு ஒரு சின்ன கமகத்தைப் போட்டுவிட்டது. முடிந்ததும் அங்கிள் ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "கடைசி நோட்டைச் சீக்கிரம் விட்டுட்டாரு சைல்ட். இன்னும் பிடிக்கணும்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். "பிடிச்சிட்டாப் போச்சு" என்று பெரியவர் ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டார். "கொஞ்சம் இருக்கச் சொல்லு, ஒரே நிமிஷம்" என்று அங்கிள் எழுந்து போனார். கருப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். தலைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.