உருளைக்கிழங்கும் செல்போனும்

"பிள்ளைங்க கெட்டுப்போறதுக்கு போன்தான் காரணம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டுவேன். நானே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

2019-ல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ப்ரிசிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்ததில் இருந்து கொஞ்சம் வாய் அடங்கியிருக்கிறது. மொத்தம் 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தரவு. அவர்களின் மனநலத்தில் தெரியும் வேறுபாட்டில், டிஜிட்டல் பயன்பாட்டின் கணக்கில் எழுதக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு விஷயங்களையும் அதே தராசில் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு எதிர்மறைத் தொடர்பு! கண்ணாடி போடுவது அதைவிட மோசம். (நான் எட்டு வயதில் இருந்து கண்ணாடி.)

அதற்காக போன் நல்லது என்று சொல்ல வரவில்லை. சராசரிக்குள் ஒரு தனிப் பிள்ளையின் அவஸ்தை காணாமல் போய்விடும். அதோடு, இந்த வகை ஆய்வுகள் பெரும்பாலும் "எவ்வளவு நேரம் பார்க்கிறாய்?" என்று கேட்டு, வந்த பதிலை நம்புகின்றன. நமக்கே அது தெரியாதே. இரண்டு மணி நேரம்தான் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். போன் காட்டியது நாலரை.

2018-ல் அமெரிக்காவில் வேறு சில ஆய்வாளர்கள் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். காசு கொடுத்து நாலு வாரம் முகநூலை மூட வைத்தார்கள். தினமும் சுமார் ஒரு மணி நேரம் மிச்சம். மனநிலை லேசாகத் தேறியது, அரசியல் கருத்துகளில் இருந்த பிளவு குறைந்தது, கூடவே நாட்டுநடப்பு அறிவும் குறைந்தது. மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி, தனியாக உட்கார்ந்து டிவி பார்ப்பதற்குப் போயிருக்கிறது.